வெள்ளிக்கிழமையில் கல்லூரி பார்க்கப் போனது

ஆனி மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. பதினோரு மணிக்குள் ரேணிகுண்டாவைத் தாண்டி, புத்தூர் சாலையில் உள்ள ஒரு கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

உடன் வந்தவள் லோகேஸ்வரி. என்னிடம் கணக்குப் படித்து, மணமாகி மலேசியா போன கமலாவின் மகள். வயலுக்கு நடுவே பொறியியல் கல்லூரிகள் முளைத்து, வெளிநாட்டுப் பிள்ளைகளையும் வரவேற்கத் தொடங்கியிருந்த காலம் அது. கமலாவுக்குச் சென்னைதான் விருப்பம். அங்கே நாத்தனார் வீடு இருக்கிறது. அதனாலேயே பெண்ணுக்குச் சென்னை வேண்டாம்.

"டீச்சர் பார்த்து சரின்னு சொன்னா சேரு. இல்லன்னா அத்தை வீடுதான்" என்று தொலைபேசியில் தீர்ப்பு வந்தது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு மிச்சமிருந்தது ஒரே இடம். முதல்வர் பிற்பகல் ரயிலில் ஹைதராபாத் போகிறார். நானோ முன்கூட்டியே பதினான்கு கேள்விகளை எண்ணிட்டு அவருக்குக் கடிதம் எழுதியிருந்தேன்.

இத்தனை ஒழுங்காகத் திட்டமிட்டவள் செய்த பிழை இதுதான்: நல்ல காரியத்துக்குப் போகிறோம், திருச்சானூர்த் தாயாரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம், முக்கால் மணி நேரம் போதும் என்று கணக்கிட்டேன்.

"முதல்ல காலேஜ் போயிட்டு, அப்புறம் கோயிலுக்கு வரலாமே டீச்சர்?" என்றாள் லோகேஸ்வரி.

"சேர்ந்த பிறகு வேண்டிக்கொண்டு என்ன பயன்?"

ஆட்டோ ஓட்டியவர் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு வெள்ளிக்கெயமம்மா. அபிஷேகம். உள்ள பூந்தா எப்ப வருவீங்கன்னு தாயாருக்கே தெரியாது."

அன்று எனக்கு அறிவு சொன்ன இரண்டாவது ஆளை, சாலையைப் பார்த்து ஓட்டும்படி கேட்டுக்கொண்டேன்.

எட்டேகாலுக்கு வரிசையில் நின்றோம். எட்டரைக்கு முன்னால் இருந்த கதவை மூடினார்கள். சற்று நேரத்தில் பின்னால் இருந்த கதவையும் மூடினார்கள். பக்கங்களில் இரும்புக் குழாய். ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று.

"அத்தை வீட்டுல எனக்கு மாடி ரூம் தருவாங்களாம் டீச்சர்" என்றாள் லோகேஸ்வரி, முகத்தைப் பார்க்காமல்.

அந்த நேரத்தில்தான் சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று குழாய்க்கு அடியில் குனிந்து நுழைந்து, எங்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது.

"ஐயா, வரிசை பின்னால் இருக்கிறது. என் வகுப்பில் வரிசை தாண்டினால் அபராதம்."

"கட்டிடறேம்மா, கோவிச்சுக்காதீங்க. நேத்து மலையில முடி குடுத்தேன். தாயாரைப் பார்க்காம வீட்டுக்குப் போகக்கூடாது. பதினோரு மணிக்குக் காலேஜ்ல இருக்கணும்."

"எந்தக் காலேஜ்?" என்றாள் லோகேஸ்வரி. சொன்னார். அவள் கண் விரிந்தது. "அங்க ஏரி இருக்குல்ல, அங்கிள்? காலேஜ் அனுப்புன புத்தகத்துல படம் பார்த்தேன்."

"அது மழைக்காலத்துல எடுத்த படம்மா."

"தண்ணி?"

"ரெண்டு நாளுக்கு ஒருக்கா லாரி வரும்."

"பாம்பு?"

"வரும். லேடீஸ் ஹாஸ்டல் பக்கம் கம்மி. அங்க சத்தம் ஜாஸ்தி."

"இவ்வளவு குறை உள்ள இடத்துக்கு ஏன் இத்தனை அவசரமாகப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"யாரோ ஒரு டீச்சரம்மா வந்துகினு இருக்காங்க. பதினாலு கேள்வி எழுதி அனுப்பியிருக்காங்க, நம்பர் போட்டு. கடுதாசியப் படிக்கும்போதே நான் எழுந்து நின்னுட்டேன். லேட்டா போனா பெஞ்சு மேல ஏத்திடுவாங்க."

கைப்பையைத் திறந்து கல்லூரிப் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் முதல்வரின் படம்: சுருள்முடி, அடர்ந்த மீசை. இரண்டையும் என் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன்.

"அந்த டீச்சரம்மா நான்தான்" என்றேன். அதைவிடச் சிரமமான வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

அவர் மறுபடியும் குழாய்க்கு அடியில் குனியப் பார்த்தார். லோகேஸ்வரி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

பதினான்கு கேள்விகளையும் அங்கேயே கேட்டேன். பதினொன்றாவது, உணவு. அவர் வாய் திறப்பதற்குள் பின்னால் நின்ற ஒரு பெண், "ஆஸ்டல் சாம்பாரா? எங்க பையன் லீவுக்கு வந்தா ஒரு வாரம் வூட்லயே துன்னுகினு கெடப்பான்" என்றார். முதல்வர் மறுக்கவில்லை.

தரிசனம் முடிந்து வெளியே வரும்போது பதினொன்றேகால். மூவரும் ஒரே ஆட்டோவில் போனோம். ஏரியில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"படம் பொய்யின்னு அவரே சொல்லிட்டாரு டீச்சர். அப்ப பாடத்தையும் உண்மையாத்தான் சொல்லிக் குடுப்பாங்க. நான் இங்கயே சேர்றேன்லா."

மாலை ஆறு மணிக்குக் கமலாவிடம், "சரி" என்றேன். பாம்பைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். முதல்வர் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமையே மணியார்டரில் அனுப்பினேன், வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வாரம் வந்த சேர்க்கைக் கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "வரிசை தாண்டிய அபராதம், எண்பது ரூபாய், அன்றே கட்டியாயிற்று."