மானியக் குழு பார்த்த நாடகம்

தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் தாடி இருந்தது, ஜிப்பா இருந்தது, சமுதாயத்தைத் திருத்தும் திட்டமும் இருந்தது. நாடகம் போடப் பணம் மட்டும் இல்லை. (வேலையும் இல்லை. அதை அப்பா எங்கள் ஊரான பாச்சாங் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.)

மக்களோடு சேர்ந்து செய்யும் கலைக்குக் கோலாலம்பூரில் ஓர் அறக்கட்டளை மானியம் தருவதாக அப்போதுதான் கேள்விப்பட்டேன். என் சித்தி லெட்சுமி அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், கோல்ஃப் திடல் வரப்போகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. மாற்று வீடு பற்றிப் பேச்சே இல்லை. தோட்டத்தில் எல்லார் தலையிலும் இடி விழுந்தது. எனக்குக் கதை கிடைத்தது.

தோட்டத்து மக்களையே நடிக்க வைப்பதாக விண்ணப்பித்தேன். ஒத்திகையை நேரில் பார்க்க மூன்று பேர் வருவதாகத் தகவல் வந்தது.

"யாருடா வர்றாங்க?" என்று சித்தி கேட்டார்.

"கே.எல்.லேர்ந்து பெரிய ஆளுங்க சித்தி. அவங்க மனசு வச்சா எல்லாம் நடக்கும்."

(நான் சொன்னது மானியத்தை. சித்தி நினைத்தது வீட்டை.)

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் முன்னால் கார் வந்து நின்றது. குழுத் தலைவியான அம்மையார் இறங்கியதும், தொடங்கலாம் என்று கையைத் தூக்கினேன். ஒருவரும் வசனம் பேசவில்லை. முதலாளி வேடம் போட்டிருந்த முனியாண்டி மாமா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சித்தி நேராகப் போய் அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மலாயும் தமிழுமாகக் கெஞ்ச ஆரம்பித்தார்.

"தோலோங் புவான், காப்பாத்துங்கம்மா! நாங்க இங்கயே பொறந்தவங்க. எங்க போவோம்? மழைக்காலத்துல தெருவுல தள்ளிடாதீங்க."

பின்னால் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள்.

நான் குறுக்கே ஓடினேன். "புவான், இது நாடகம் இல்லை. நிஜமாகவே கேட்கிறார்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அதுதான் அருமை!" என்று என் தோளைத் தட்டினார். "எது நடிப்பு, எது வாழ்க்கை என்றே தெரியவில்லை."

"இல்லை புவான், நாடகம் இன்னும் தொடங்கவே இல்லை."

"பிரமாதம்!" என்றார் கூட வந்தவர்.

கார் போனபிறகு சித்தி ஓடி வந்தார். "கை தட்டுனாங்களேடா, அப்ப வீடு குடுத்துருவாங்கதானே?"

நான் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டேன்.

மானியம் கிடைக்கவில்லை. நடிப்பு அபாரம், ஆனால் முடிவு நம்பிக்கை தருவதாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல நான் தோட்டத்துக்குப் போனபோது, புல்டோசர் முதல் லயத்தை இடித்து முடித்திருந்தது. சித்தி சட்டிபானைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த பானையைக் கீழே வைத்தார்.

"முடிவு சரியில்லையாமா?" என்று சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "நாங்களும் அதத்தானே சொன்னோம் லா."

சித்தி இப்போது கிளேபாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்யாண வீடோ சாவு வீடோ, யாராவது உருகிப் பேசத் தொடங்கினால் போதும், மூலையிலிருந்து அவர் குரல் வரும்: "யாரும் கை தட்டிடாதீங்க, அது நெசமாத்தான் அழுவுது!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.