உங்கள் தம்பியின் கால் பெருவிரல்

மெல்பர்ன்,
செப்டம்பர் 1886

அன்பும் மரியாதையும் நிறைந்த டார்கஸ் அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி ஹெஸ்டர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மனமில்லை. குழந்தை வின்னியும் நானும் நலம், உங்கள் தம்பி வலது கால் பெருவிரல் நீங்கலாக நலம்.

போன சனிக்கிழமை இந்தப் பருவத்தின் முதல் கிரிக்கெட் ஆட்டம். பந்து உயரே கிளம்பியது. அதன் கீழே கறிக்கடை ஓட்ஸ் கையை விரித்தபடி, "எனக்கு, எனக்கு!" என்று நின்றார். உங்கள் தம்பி எங்கிருந்தோ ஓடிவந்து அவர் முதுகில் முழங்காலை ஊன்றி எம்பிப் பிடித்துவிட்டார். அதுவரை சரி, ஓட்ஸுக்குத்தான் சரியில்லை. பிடித்தவர் சும்மா இருக்கக் கூடாதா? "மார்க்!" என்று, ஃபுட்பாலில் பந்தை எம்பிப் பிடித்தவர் தனக்குரிய உதைக்காகக் கத்துவாரே, அப்படிக் கத்திவிட்டு, நாலடி பின்னால் போய், ஓடிவந்து ஓங்கி ஓர் உதை! குளிர்காலம் முழுக்க ஃபுட்பால் உதைத்த கால், அதற்கு என்ன தெரியும்? கிரிக்கெட் பந்துக்குள் காற்று இல்லையே அக்கா.

மட்டையோடு நின்றவர், "நான் அவுட்டா இல்லையா, யாராவது சொல்லித் தொலைங்கய்யா!" என்கிறார். அம்பயர், "மொதல்ல ஆளத் தூக்குங்க" என்கிறார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வரும்போது இவர் என்னைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி: "ஹெஸ்டர், கோல் விழுந்துச்சா?"

விரல் வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருக்கிறது. பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அடுத்த மாதம் சிட்னிக்குப் போகும் நம் காலனி கிரிக்கெட் அணியில் ஆடலாம், இல்லாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான் என்கிறார் டாக்டர். நம் காலனிக்காக ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே புலம்பிய மனிதர். ஆனால் வரும் சனிக்கிழமை ஃபுட்பாலில் கடைசி ஆட்டம், ஜெயித்தவர்களுக்குக் கொடி. கேப்டன் டல்லக் தினமும் வந்து, "ஒரு வெரல்தானே, மிச்சம் ஒம்போது இருக்கேப்பா!" என்று தூண்டிவிடுகிறார். இவரும் கட்டிலில் உட்கார்ந்தபடியே தலையணையை எம்பிப் பிடிக்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. கெஞ்சினேன், அழுதேன், கல்லூரியில் படித்த லத்தீனில்கூடத் திட்டிப் பார்த்தேன். பயபக்தியோடு "ஆமென்" என்கிறார்!

தாயில்லாத பிள்ளையை வளர்த்தவர் நீங்கள். உங்கள் குரல் கேட்டால் இன்றைக்கும் தொப்பியைக் கழற்றிவிடுவார். வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து, "டேய், ஆடக் கூடாதுடா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் மாடுகள் தட்டில்லாமல் கறக்கவும், கர்த்தர் உங்கள் எல்லோரையும் காக்கவும் வேண்டும்

தங்கள்,
ஹெஸ்டர் ட்ரெலோர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அடுத்த வீட்டு மிஸஸ் ப்ராஸர் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். அவள் தம்பி எதிரணியில் ஆடுகிறான். "ஏம்மா ஹெஸ்டர், சனிக்கிழம ஒன் வீட்டுக்காரர் ஒன் பாவாடைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கப் போறாராமே? எங்க பசங்க கொடிக்குக் கம்பமே நட்டாச்சு!" என்று சொல்லிச் சிரிக்க வேறு செய்தாள். அக்கா, நீங்கள் கட்டாயம் வாருங்கள். மேலே எழுதியதை மட்டும் மறந்துவிடுங்கள். சிட்னி எங்கே ஓடிவிடப் போகிறது? நான் மைதானத்தின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்த வேண்டும், வின்னியைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டும். அவருடைய வலது பூட்ஸின் முனையை ரொட்டிக் கத்தியால் நானே அறுத்துவிட்டேன். விரலுக்கு இப்போது தாராளமாக இடம் இருக்கிறது.