முகத்தைப் பார்த்தாலே தெரியும்

கொடி சுவரைவிடப் பெரியதாக இருந்தது.

"ரெண்டு ஓரத்தையும் கொஞ்சம் மடிச்சு மாட்டலாமா மச்சான்?" என்று கேட்டார் குழாய் மேஸ்திரி.

கேட்டிருக்கக் கூடாது. மச்சான் அவர் மனைவியின் அண்ணன். எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்தி, உள்ளே தலையை விட்டுப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர்.

"மடிக்கிறதா? இது நாட்டுக் கொடி மாப்ளே. நீ தலையில கட்டுற துண்டுன்னு நெனச்சியா?"

மேஸ்திரி அவசரமாகக் கொடியை விரித்துப் பிடித்தார். இன்றைக்கு மட்டும் மச்சானிடம் கெட்ட பெயர் வாங்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து உறவுக்காரர்கள் எங்கே கூடினாலும் மச்சான் ஒரே நகைச்சுவையைத்தான் சொல்லுவார். "எங்க மாப்ளே போகாத வீடு இல்லை, ஆனா எல்லா வீட்டுக்கும் கக்கூஸ் வழியாத்தான் போவார்." எல்லோரும் சிரிப்பார்கள். மேஸ்திரியும் சிரிப்பார். சிரித்துவிட்டு ராத்திரி புரண்டு புரண்டு படுப்பார்.

அந்தச் சிரிப்புக்கு இன்றோடு முடிவு கட்ட வேண்டும். கட்டடத்தின் கேட்டில் காவல்காரர் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். 'உலக மக்கள் பேச்சு மேடை. எந்த நாட்டவரும் வரலாம், வீட்டிலிருந்தே பேசலாம்.' மேஸ்திரி பெயர் கொடுத்தார். தேர்ந்தெடுத்துவிட்டதாகத் தகவலும் வந்துவிட்டது. நாட்டுக்காகப் பேசப் போகிறேன் என்று அவர் மச்சானுக்குப் போன் போட்டதுதான் தாமதம், மச்சான் சாவடியின் பழைய கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். வரும்போதே முனகல்.

"உங்க படிக்கட்டு முழுக்க எவனோ பெட்டியை அடுக்கி வெச்சிருக்கான். முட்டி பேந்துபோச்சு."

கொடிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர் போனில் பேச உட்காரும் இடத்துக்குப் பின்னால், சுவரில் ஆளுயரத்துக்கு ஈரக்கறை படர்ந்திருந்தது.

"ஊர்ல ஒழுகுற குழாயெல்லாம் அடைக்கிற மனுஷன்," என்றாள் மனைவி. "நம்ம வீட்டுச் சுவரு மட்டும் வருஷக்கணக்கா வேர்த்துக்கிட்டே நிக்குது. உலகம் பார்த்தா காறித் துப்பாதா?"

"அதான் கொடியை மாட்டி மறைக்கிறோம்ல?"

"ஓகோ, கொடி அதுக்குத்தானா?"

மச்சான் முறைத்தார். அண்ணன் முறைத்தால் தங்கைக்குச் சிரிப்பு வரும். அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.

ஆணியை எங்கே அடிப்பது என்பதில் அடுத்த சிக்கல்.

"நடுவுல வேண்டாம் மச்சான். உள்ளே குழாய் போகுது."

"நாட்டுக் கொடியை மூலையிலயா மாட்டுவாங்க?" என்று சொல்லிக்கொண்டே மச்சான் சுத்தியலை ஓங்கினார். ஒரே அடி. ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வரவில்லை.

"பார்த்தியா? குழாயாம் குழாய். உன் தொழிலே உனக்கு மறந்துபோச்சு."

கொடி கம்பீரமாகத் தொங்கியது. மேஸ்திரி சட்டை மாற்றிக்கொண்டு, எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். 'எங்கள் நாடு' என்று தொடங்கி 'எங்கள் நாடே' என்று முடிகிற பேச்சு.

அப்போதுதான் மனைவி போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, இதுல விதின்னு ஏதோ போட்டிருக்கே, படிச்சீங்களா? பேரு சொல்லக் கூடாதாம். எந்த நாடுன்னு சொல்லக் கூடாதாம். கொடி, சின்னம் எதுவும் கண்ணுல படக் கூடாதாம். பட்டா வெளியே தள்ளிடுவாங்களாம். யார் எந்தப் பாஷையில பேசினாலும் அதை மாத்தி, ஒரே மிஷின் குரல்லதான் கேக்க விடுவாங்களாம். அப்பத்தான் மனுஷனுக்கு மனுஷனா பேசுவாங்களாம்."

"நாட்டைச் சொல்லாம என்னத்தைப் பேசுறது?" மச்சானுக்கு ஆத்திரம். "அப்போ இவன் எதுக்கு? எவன் வேணாலும் பேசலாமே!"

"வெளியே தள்ளிட்டா அவமானம் மச்சான். முதல்ல கொடியை எடுப்போம்."

கொடியை எடுத்தார்கள். வெறும் சுவரில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டு அசிங்கமாக நின்றது. மேஸ்திரி குறடால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து மச்சானின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்தது.

குழாயை ஓட்டை போட்ட ஆணியே அந்த ஓட்டைக்கு அடைப்பாகவும் இருந்திருக்கிறது. வால்வை மூட மொட்டைமாடிக்குப் போக வேண்டும். மாடிச் சாவி காவல்காரரிடம். அவரோ கீழே யாருக்கோ கட்டில் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் தொடங்க நேரமாகிவிட்டது. மேஸ்திரி துடைப்பக் குச்சியைச் சீவினார், துணியைச் சுற்றினார், ஓட்டையில் வைத்து அடித்தார்.

தண்ணீர் நின்றது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

"தொழில்காரன் மச்சான் நான்," என்றார், சொட்டச் சொட்ட.

மனைவி காய்கிற துணிகளுக்கு நடுவிலிருந்து பழைய படுக்கை விரிப்பு ஒன்றை உருவி, கறையை மறைத்துக் கட்டினாள். போனைப் பாத்திரங்களின்மேல் சாய்த்து வைத்தாள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. கறுப்பு, வெளுப்பு, நரை, வழுக்கை. மச்சான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, போனின் கண்ணில் படாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து பார்த்தார்.

"அந்த மேல் மூலையில ஒரு கோரைப்புல் மீசை இருக்கான் பாரு. பக்கத்து நாட்டுக்காரன்."

"எப்படித் தெரியும் மச்சான்?"

"எத்தனை வருஷமா பார்க்குறேன்! அந்த மூக்கு. அந்தத் திருட்டு முழி. பின்னாடி பாரு, பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருக்கான். அத்தனையும் கடத்தல் சரக்கு. சத்தியமா சொல்றேன், முகத்தைப் பார்த்தாலே தெரியும்."

மேஸ்திரி உற்றுப் பார்த்தார். சொன்ன பிறகு பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. பல வருஷமாக அந்த நாட்டோடு ஆற்றுத் தகராறு, மீன் தகராறு, பந்தாட்டத் தகராறு. அத்தனையும் அந்த மீசைக்குள் ஒளிந்திருப்பதுபோல இருந்தது.

நடத்துகிறவர்கள் ஆட்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார்கள். மேஸ்திரியின் எதிரே வந்து உட்கார்ந்தது அதே மீசை.

பேச வேண்டிய கேள்வி திரையில் வந்தது. 'முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் என்ன செய்யக் கடமைப்பட்டவர்?'

மீசையின் வாய் அசைந்தது. மிஷின் குரல் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னது. "அவருக்குத் தொல்லை கொடுக்காமல் இருந்தாலே போதும் என்பது என் கருத்து."

"குத்துறான் பார்த்தியா?" தரையிலிருந்து மச்சான். "விடாதே!"

"தொல்லை கொடுக்கறது யாரு, நாங்களா?" என்று எகிறினார் மேஸ்திரி. "செய்யறதையும் செஞ்சுட்டு நியாயம் வேற பேசுறீங்களா?"

"உங்கள் கோபம் எனக்குப் புரியவில்லை," என்றது மிஷின்.

"புரியாது. உங்க ஆளுங்களுக்கு எப்பப் புரிஞ்சிருக்கு?"

மீசைக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அவர் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் மேலே பார்த்தார். அடுத்த சொட்டு நெற்றியில்.

மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "கூரையே ஒழுகுது! ஒரு கூரை ஒழுங்காப் போடத் தெரியலை, ஆறு கேக்குறானுங்க!"

மேஸ்திரியும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. எதிரே மீசைக்காரர் ஒரு பெட்டியைக் கட்டிப் பிடித்து நகர்த்தினார். இன்னொன்றை நகர்த்துவதற்குள் அது நனைந்து அடி பிளந்து, உள்ளே இருந்த துணிமணியெல்லாம் தரையில் கொட்டியது. குழந்தையின் சின்னச் சட்டைகளும் அதில் இருந்தன. அவர் ஒரு வாளியை ஒரு பக்கம் வைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் விழுந்தது.

ஒழுகலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார மேஸ்திரிக்குத் தெரியாது. கை பரபரத்தது.

"யோவ், வாளியை விடு! தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாரு முதல்ல. சுவரும் கூரையும் சேர்ற இடமா?"

"ஆமாம்," என்றது மிஷின்.

"மாப்ளே, என்ன பண்ற?" மச்சான் அவர் காலைக் கிள்ளினார்.

"சும்மா இருங்க மச்சான். இது தொழில்." மேஸ்திரி திரையை நோக்கிக் குனிந்தார். "இது கூரை ஒழுகல் இல்லைங்க. உங்க மேல் வீட்டுல எவனோ குழாயைக் குத்திட்டான். குத்தினவன் வெளிப்பக்கத்தை மட்டும் அடைச்சுட்டு, ஆச்சு வேலைன்னு குந்திக்கிட்டிருப்பான். தண்ணி சுவருக்குள்ளேயே இறங்கி உங்க தலையில விழுது. தொழில் தெரியாத மடையன்!"

"நான் என்ன செய்யட்டும்?"

"ஒரு கயிறை எடுங்க. ஒழுகுற இடத்துல ஒரு முனையை ஒட்டி, மறுமுனையை வாளிக்குள்ள விடுங்க. தண்ணி கயிறைப் பிடிச்சுக்கிட்டு இறங்கும். மத்த பெட்டிங்க தப்பிச்சுரும்."

மீசைக்காரர் நாற்காலி மேல் ஏறினார். கயிறைக் கட்டினார். தண்ணீர் கயிறு வழியாகச் சமர்த்தாக வாளிக்குள் இறங்கியது. அவர் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"மிகவும் நன்றி. நேற்றுவரை உங்கள் நாட்டு மக்களைப் பற்றி நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். எல்லாரும் உங்களைப் போன்றவர்கள்தானா?"

மேஸ்திரிக்கு நெஞ்சு விம்மிச் சட்டைப் பொத்தான் தெறிக்கும்போல இருந்தது. "எங்க நாட்டுல எல்லாருமே இப்படித்தாங்க. நீங்க அங்க நிக்காதீங்க. மேல போய் அந்த மடையன் சட்டையைப் பிடிங்க. விடாதீங்க!"

"இதோ போகிறேன்," என்றது மிஷின். கட்டம் காலியானது.

மனைவி அடுப்படி வாசலில் நின்று புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பார்த்து நாளாயிற்று. மச்சான் தரையிலிருந்து மெல்ல எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அவங்க நாட்டுலயும் நல்லவன் இருக்கான் போல மாப்ளே."

"மனுஷன் எங்கேயும் மனுஷன்தான் மச்சான்."

"நாட்டு மானத்தைக் காப்பாத்திட்டே. இனிமே எவன் முன்னாடியும் அந்தக் கக்கூஸ் கதையைச் சொல்ல மாட்டேன். போதுமா?"

மேஸ்திரி காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். விரிப்புக்குப் பின்னால் சுவர் குளுகுளுவென்று இருந்தது. உலகத்தில் இனி ஒரு சண்டையும் இல்லை என்பதுபோல ஒரு நிம்மதி.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். மனைவி திறந்தாள். முட்டிவரை நனைந்த காவல்காரர் மூச்சிரைக்க நின்றார்.

"மேஸ்திரி, கீழ் வீட்டுக்குப் புதுசா குடிவந்தவர் வாளியோட மேல ஏறி வர்றார், நல்ல மனுஷன்தான், ஆனா போன்ல எவனோ ஒரு தங்கமான ஆளு, முகத்தைப் பார்த்தாலே பக்கத்து நாட்டுக்காரன்னு இவருக்குத் தெரிஞ்சுதாம், அவன்தான் 'உன் தலைக்கு மேல ஒரு மடையன் இருக்கான், போய்ச் சட்டையைப் பிடி'ன்னு ஏத்தி விட்டிருக்கான்!"