வதந்தி அசுரனும் மூன்று ஓலைகளும்

நான் ஐந்து வாரம் அசுரனாக இருந்திருக்கிறேன். மேடையில் அல்ல, மயிலாப்பூர்ச் சுவர்களில். லஸ் முனையில் இரண்டு, டிராம் நிற்கும் இடத்தில் ஒன்று, குளத்தங்கரைச் சுவரில் மூன்று, சாந்தோமில் எட்டு, ஆகப் பதினான்கு இடங்களில் என் முகம் ஒட்டப்பட்டிருந்தது. (எண்ணியது நான்தான். வேறு யாருக்கு அந்த வேலை?)

வருஷம் நாற்பத்திரண்டு. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பயத்தில் பாதி ஊர் காலியாகியிருந்தது. மீதிப் பாதி வதந்தியைத் தின்று உயிர் வாழ்ந்தது. அடையாற்றுப் பாலத்துக்கு வெடி வைத்தாயிற்று என்று காலையில் ஒன்று, கிண்டியில் பாராசூட் இறங்கிவிட்டது என்று மாலையில் ஒன்று. நான் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வயது இருபத்தாறு. கண்ணால் காணாததை வாயால் சொல்லமாட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மழை பெய்ததா என்று கேட்டால்கூட "எங்கள் தெருவில் பெய்தது" என்றுதான் சொல்வேன்.

மீர்சாப்பேட்டைக் காதர் என் சிநேகிதன். ஒரு வாரப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரம் போடுபவன். வதந்தியை ஒழிக்க ஒரு சுவரொட்டி வரைந்து தரும்படி சர்க்கார் அவனிடம் கேட்டிருந்தது. மக்களைக் காக்கும் மாவீரன் ஒருவன், வதந்தி என்னும் அசுரனை மிதிக்க வேண்டும். காதர் என்னிடம் வந்தான்.

"வாத்யாரே, மூணு நாளு சாயங்காலம் வந்து நில்லு. உன் மூஞ்சி எனுக்கு வோணும்."

இரண்டில் எந்த மூஞ்சிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மூன்று நாளும் காலையில் இரண்டு பச்சை முட்டை குடித்தேன். மார்பை நிமிர்த்தி, வலது கையை நீட்டி நின்றேன்.

"வாயத் தொற நைனா. இன்னும் பெருசா. ஊரே கேக்கணும்."

மக்களுக்கு அபாய அறிவிப்புச் செய்கிறேன் என்ற நினைப்பில், பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல் திறந்தேன். மொத்தம் நான்கு மணி இருபது நிமிஷம் நின்றதாக டைரியில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் பிலோமினா. குடியிருந்தது அடையாற்றில் என்றாலும் கோயில் எங்கள் கோயில்தான். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. முதல் ஓலை சுபமாக முடிந்தது. மறுநாள் திங்கட்கிழமை. சுவரொட்டி வந்தது.

மாவீரனுக்கு மலைபோன்ற மார்பு. முதுகில் ஒரு சிவப்புத் துணி பறந்தது. (கிண்டிப் பக்கம் முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் விட்டுப்போன படப்புத்தகத்தில் பார்த்து வரைந்ததாம்.) முகம் என்று பெயருக்கு ஒரு மூக்கும் தாடையும். அவன் காலடியில் அசுரன். இரண்டு கொம்பு, முறம்போல் காது, தெருவெல்லாம் சுற்றி வளையும் நாக்கு. நடுவகிடும் இடது கன்னத்து மச்சமும் என்னுடையவை. கீழே கொட்டை எழுத்தில்: "இவனை நம்பாதீர்கள்!"

காதர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஹீரோன்னு நெனச்சில்ல நின்னேன்!"

"ஹீரோவுக்கு மூஞ்சி எதுக்கு வாத்யாரே? மாரு போதும். வில்லனுக்குத்தான் மூஞ்சி வோணும். பத்து வருசமா பெரிய மனுசனுங்கள வரைஞ்சிக்கினு கீறேன், எனுக்குத் தெரியாதா?"

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"பொய்யே சொல்லாத மூஞ்சி உன்னிது. அந்த மாதிரி மூஞ்சி பொய் சொன்னாத்தான் ஜனம் நம்பும். அதாம்பா டேஞ்சரு."

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் பெண்ணின் தகப்பனார் ஆரோக்கியசாமி தம் தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டன். சங்கு ஊதினால் தகரத் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக விளக்கை அணைக்கச் சொல்லும் பதவி. பாராசூட் கதை சொன்னதற்காகப் பால்காரரையே மாற்றியவர். இந்தப் படம் அவர் காதுக்கு வேறு விதமாகப் போனால் என் கல்யாணம் நின்றுவிடும். ஆகவே உண்மையை முந்திக்கொண்டு பரப்புவது என்று தீர்மானித்தேன். கோயிலைச் சேர்ந்த வீடுகளைத் தெருவாரியாகப் பட்டியல் போட்டேன். (நேரே அவரிடமே போயிருக்கலாமே என்கிறீர்களா? பட்டியலில் அவர் இருபத்து நான்காவது.)

எல்லா வீட்டிலும் ஒரே வாசகம்தான். "சுவரில் இருப்பது நானல்ல. போலீசுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை." போலீஸ் என்ற சொல் இதில் எப்படி வந்தது? நான்தான் சேர்த்தேன். முன்னெச்சரிக்கை.

முதல் வீடு லூர்தம்மா அக்கா வீடு.

"எந்தப் படம்பா? செவுத்துல என்னென்னமோ ஒட்டுறான், யாரு பாக்குறா?" என்றவர் சட்டென்று எழுந்தார். "இரு, செருப்ப மாட்டிக்கிறேன். எந்தச் செவுரு?"

பக்கத்தில் இருப்பது தபாலாபீசுக்கு எதிரே என்று துல்லியமாகச் சொன்னேன்.

மூன்று நாளில் இருபத்து மூன்று வீடு முடித்தேன். அதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சுவரொட்டிக்கு முன்னால் வியாழக்கிழமை கூட்டம் நின்றது. அதைப் பார்த்ததும் இருபத்து நான்காவது வீட்டைத் தள்ளிப்போட்டேன். ஜனங்கள் நின்று பார்த்த சுவரொட்டி இது ஒன்றுதான் என்று சர்க்காரிடமிருந்து காதருக்குப் பாராட்டு வந்ததாம்.

வெள்ளிக்கிழமை டிராமில் கண்டக்டர் என்னிடம் குனிந்தார்.

"சமாச்சாரம் தெரியுமா சார்? சாந்தோம்ல ஒரு வாத்தியார போலீசு புடிச்சிக்கினு போச்சாம். ஜப்பான்காரனோட ரேடியோவுல பேசிக்கினு இருந்தானாம். படத்தக்கூட செவுத்துல ஒட்டிக்கீறாங்க."

"ம்" என்றேன், உதட்டைப் பிரிக்காமல். வாயைத் திறந்தால் அடையாளம் தெரிந்துவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. "தடை ஏதேனும்" என்று சாமியார் வாசித்ததும் முன்வரிசைகள் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தன. பூசை முடிந்து வெளியே வந்தால் ஆரோக்கியசாமி நிற்கிறார்.

"தம்பி, ஏழு பேர் வந்து சொன்னாங்க. ஏழும் ஏழு விதம். ஒருத்தர் ஜெயில்ங்கிறார். ஒருத்தர் ஜப்பான்ங்கிறார். ஒருத்தர் உங்களுக்குச் சேலத்துல ஏற்கனவே ஒரு சம்சாரம் இருக்குங்கிறார்."

"சேலத்துக்கு நான் போனதே இல்லைங்க!"

"சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. மூணாவது ஓலை வாசிக்கிறதா வேண்டாமான்னு அன்னிக்கு முடிவு பண்ணிடலாம்."

அந்த ஆறு நாளில் நான் பாடம் நடத்தியதாக டைரியில் இருக்கிறது. என்ன பாடம் என்று இல்லை.

சனிக்கிழமை டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். ஆணியில் தகரத் தொப்பி மாட்டியிருந்தது. அதன் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். பெண் பார்த்த அன்று மூன்றே வார்த்தை பேசிய பிலோமினா, கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அப்பா, அந்த ஏழு பேர் வீட்டுக்கும் போய், உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு கேட்டேன். இவங்க அவங்களச் சொன்னாங்க, அவங்க இன்னொருத்தரச் சொன்னாங்க. கடைசியில எல்லாம் ஒரே ஆள்கிட்டப் போய் நிக்குது."

"யார் அவன்?" என்று இரைந்தார் வார்டன்.

நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அந்த அயோக்கியனைச் சும்மா விடக்கூடாது என்று எனக்கு ஒரு வேகம்.

"இவருதான்" என்று என்னைக் காட்டினாள். பிறகு என்னிடம், "எத்தன வீடு போனீங்க?"

"இருபத்து மூன்று."

"எழுதி வச்சிருக்கீங்களா?"

டைரியைக் கொடுத்தேன். வீட்டுக்காரர் பெயர், போன நேரம், கிளம்பிய நேரம் எல்லாம் இருந்தன. அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஆரோக்கியசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ வதந்தியக் கெளப்பினதே இவர்தான். படம் சரியான ஆளோடதுதான்!"

"ஆமாப்பா. ஆனா இருபத்து மூணு வீட்லயும் தன் பேரை மட்டும்தான் கெடுத்துக்கிட்டிருக்காரு. அடுத்தவங்களப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. படம் போட்டவர் பேரைக்கூட யார்கிட்டயும் சொல்லல. இந்த ஊர்ல இப்படி இன்னொரு ஆளக் காட்டுங்க பாக்கலாம்."

அவர் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன், சிரிப்பு.

"சாமியார்கிட்ட வாசிக்கச் சொல்றேன். ஒரே நிபந்தனை. கல்யாணம் முடியிறவரைக்கும் இவர் யார் வீட்டுக்கும் போகக்கூடாது."

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று வாசித்து முடித்த சாமியார், தாளை மடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை மட்டும் தெரிவிக்க வேண்டாம்" என்றார். கோயிலுக்குள் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சேதி ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால் யாரும் போய்ச் சொல்வதில்லை. "இவர விட்டு மறுக்கச் சொல்லு" என்பாள் பிலோமினா. பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். போன மாதம் சின்னவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். கணக்கில் தொண்ணூற்றாறு.

"அப்பா, நான் நூறு வாங்கலன்னு எதிர் வீட்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றீங்களா?"

உண்மைதானே என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள் அவள் மாநிலத்திலேயே முதலாவதாக வந்துவிட்டாள்.