கோமணக்காடு

ஊர் ஊராகப் போய் ஒரு மாதம் பாடம் எடுத்த விஷயம், எடுத்தவளுக்கே வேண்டிய நேரத்தில் மறந்துபோவது எப்படி? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. பிள்ளை பெற்றால் புத்தி கொஞ்சம் மழுங்கும் என்றாள் என் அம்மா. “பிள்ளைக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்தா” என்று திருத்தினார் என் கணவர்.

அப்போது நான் மைசூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கௌதள்ளிக்கு அப்பால் தமிழ் பேசும் ஒரு சிற்றூர். அங்கே ஒரு டீசல் பம்பு புகையைத் தாராளமாகவும் தண்ணீரைச் சிக்கனமாகவும் கொடுத்துக்கொண்டிருந்தது. டீசல் வராத நாளில் பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்தார்கள். ஊர்ப் பொதுவான பாறைமேட்டில் சூரிய ஒளிப் பலகைகளை வரிசையாக நிறுத்தி, தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் மாவு மிஷினுக்கும் மின்சாரம் எடுப்பது எங்கள் திட்டம். மாதிரிக்குப் பன்னிரண்டு பலகைகள் நிறுத்தி, சனிக்கிழமை ஒருமுறை ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். எல்லார் முன்னாலும் குழாயில் தண்ணீர் வந்தால் ஊர் இடம் கொடுக்கும். வராவிட்டால் சாமான்கள் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஏழு மாத அரவிந்தனைத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று மூன்று நாள் யோசித்துத் தூக்கிக்கொண்டே போனேன். ஜீப் கொள்ளேகாலைத் தாண்டுவதற்குள் அவனுக்கு வயிறு கலங்கிவிட்டது. கொண்டுபோன பதினோரு கோமணத்துணியும் காலி. (பன்னிரண்டாவதை எடுத்து, ‘எதற்கு அதிகம்?’ என்று திரும்ப அலமாரியில் வைத்தவளும் நான்தான்.)

துவைத்தாயிற்று. எங்கே காயப்போடுவது? வேலியெல்லாம் முள், தரையெல்லாம் செம்மண். நிமிர்ந்தேன். மேட்டின் மேல் பன்னிரண்டு கண்ணாடிப் பலகைகள், சூடாக, சாய்வாக, தூசியில்லாமல்! பலகைக்கு ஒன்றாக விரித்தேன். ஈரத்துணி கண்ணாடியில் அழகாக ஒட்டிக்கொண்டது. (நான் எழுதிய துண்டுப் பிரசுரத்தின் முதல் வரி: ‘பலகையின் மேல் நிழல் விழக்கூடாது.’ இரண்டு மொழியிலும், அடிக்கோடிட்டு.)

கீழே, பலகைகள் கண்ணில் படாத இடத்தில், தொட்டியைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. எங்கள் மெக்கானிக் மஞ்சு சுவிட்சைப் போட்டார். பம்பு முனகியது. குழாய் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

“ஏனுங்க அம்மிணி, ஞாயித்துக்கெழம சூரியனுக்கும் லீவுங்களா?” என்றார் ஊர்ப் பெரியவர் மாதப்பன். கூட்டம் சிரித்தது. அவர் விடவில்லை. “நேத்து பொட்டிக்குள்ள டீசல ஒளிச்சு வெச்சு ஓட்டிக் காமிச்சாங்கொ. இன்னைக்குத் தீந்துபோச்சு.”

“செத்த பொறுங்க மாமா. கொழந்தக்காரி, பயந்துக்கறா” என்றாள் சின்னம்மா என்ற பெண். அவள் இடுப்பில் காலிக் குடம்.

மஞ்சு ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினார். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் என்னிடம் வந்து, “எல்லா சரி இதெ மேடம். மேலே எல்லாதரு நெரளு பித்திதெயா?” என்றார். (மேலே எங்கேயாவது நிழல் விழுந்திருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார், பாவம்.)

நெரளு! ‘என் பிள்ளையின் கோமணம்’ என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையை இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன்.

“கொழந்தயப் பூச்சி பொட்டு கடிச்சிருச்சாட்ட இருக்குது!” என்று அலறியபடி பெண்கள் பின்னால் ஓடிவந்தார்கள். துணிகளை உருவினேன். கடைசித் துணியை எடுத்ததும் கீழேயிருந்து சத்தம்: “வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!”

தோள் நிறையக் கோமணங்களோடு நின்றேன். பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பாறையாயிற்றே, பிளக்கவில்லை.

மாதப்பன் மூச்சிரைக்க ஏறிவந்தார். துணியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “மறுக்காப் போடுங்க.”

“ஐயோ, வேண்டாமுங்க...”

“போடுங்கன்னா!”

போட்டேன். தண்ணீர் நின்றது. எடுத்தேன். வந்தது. மூன்றாம் முறை அவரே தம் கையால் போட்டு எடுத்தார். பிறகு கீழே பார்த்துக் கத்தினார்: “டீசலா இருந்தா கோமணத்துக்குப் பயப்படுமா? இது மெய்யாலுமே வெயிலுதான்டா!”

ஒரு மாதம் நான் படம் வரைந்து விளக்கியும் ஏறாதது பதினோரு துணியில் ஏறிவிட்டது. அன்றே இடம் கிடைத்தது. நான் விட்ட பெருமூச்சில் ஒரு காற்றாலையே ஓடியிருக்கும்.

இப்போது அந்த மேடு முழுக்கப் பலகைகள். டீசல் புகை போயிற்று. பலகைகளின் அடியில் பாறையிடுக்குகளில் முளைக்கும் புல்லை ஆடுகள் மேய்கின்றன. காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு, ஊரில் ‘கோமணக்காடு’தான். பஸ் கண்டக்டரும் அப்படியே கூவுகிறார்.

போன வாரம் மாதப்பனிடமிருந்து கடிதம். முகப்பில் பெரிய போர்டு வைக்கிறார்களாம்: ‘அரவிந்தன் கோமணக்காடு’. தை பிறந்ததும் பெயிண்டர் வருகிறார். தம்பிக்கு இனிஷியல் என்ன என்று கேட்டிருக்கிறார். ஒன்றாம் வகுப்பு அரவிந்தனுக்குத் தலைகால் புரியவில்லை, வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான். “இனிஷியல் என்னோடது, தாராளமா குடு” என்கிறார் என் கணவர். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. இருபது வருஷம் கழித்துப் பெண் வீட்டார் அந்த வழியாக பஸ்ஸில் போனால்? வேண்டாம் என்று எழுதினால் அந்த ஊர் மனம் நோகாதா? பிள்ளை வளர்த்து அனுபவப்பட்ட வாசகர்களே, இனிஷியலை அனுப்பட்டுமா, வேண்டாமா? தைக்குள் ஒரு வரி எழுதிப் போடுங்களேன்.