ஆறுக்குட்டியைச் சமாளிக்க ஒரு கலை

"இன்னிக்கும் வந்தான் மருதா" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் பாய்ந்த லிங்கசாமி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அது போதாதென்று அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

"ஆருங்க?" என்றாள் மருதாம்பாள், அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

"ஆறுக்குட்டி. கொட்டகையில இருந்து நம்ம ஊடு வரைக்கும் பொறகாலயே வந்தான். கையில தடி."

"வந்தா வந்துட்டுப் போறாருங்க. பாதை என்ன நமக்கு மட்டுமா போட்டது?"

"நான் நின்னா அவனும் நிக்கறான். நான் நடந்தா அவனும் நடக்கறான். இது பாதையில போறவன் நடையா?"

"நீங்க எதுக்கு நடுவுல நிக்கறீங்க? நேரா ஊட்டுக்கு வாங்க."

லிங்கசாமி நீலகிரி மலையில், அரவேணுவில் ஒரு டீ ஃபேக்டரியின் இலைக் கொட்டகையில் எழுத்தர். சிறு விவசாயிகள் பறித்துக்கொண்டு வரும் பச்சைத் தேயிலையை எடை போடுவதும், அன்றைய விலையைக் கரும்பலகையில் எழுதுவதும் அவர் வேலை. தேயிலை விலை கிணற்றில் போட்ட கல்லாக இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. விலையை இறக்கியவர்கள் எங்கோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தார்கள். சாக்பீஸ் லிங்கசாமியின் கையில் இருந்தது. கோபப்படுகிறவனுக்கு எது வசதி?

போதாக்குறைக்கு, மழையில் நனைந்த இலை வந்தால் ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழிக்கவேண்டும். கழித்தால் திட்டுவார்கள். அவருடைய ஏழு தலைமுறையையும் கொட்டகைக்கு வரவழைத்துத் திட்டுவார்கள். அதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. திட்டுகிறவன் திட்டி முடித்ததும் டீக்கடைக்குப் போய்விடுவான்.

ஆறுக்குட்டி திட்டவில்லை. அதுதான் லிங்கசாமிக்குப் பிடிபடவில்லை. ஆள் பலாமரத்து அடிக்கட்டை மாதிரி இருப்பான். ஒரு மழைநாளில் அவன் மூட்டையில் ஈரத்துக்குக் கழித்தபோது, லிங்கசாமியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தான். சவப்பெட்டிக்கு அளவெடுக்கும் ஆசாரியின் பார்வை. அந்த வாரத்திலிருந்துதான் சாயங்காலங்களில் பின்தொடர ஆரம்பித்தான்.

"பேசாம கொஞ்ச நாளைக்கு லீவு போட்டுரட்டுமா?"

மருதாம்பாள் கரண்டியோடு திரும்பினாள். "லீவா? ஃபேக்டரியில ஆரை நிறுத்தலாம்னு ஆள் தேடிக்கிட்டு இருக்காங்க. நீங்களா போயி நான் இருக்கேன்னு கை தூக்குவீங்களா? நம்ம புள்ள மனிஷாவுக்குக் காலேஜ் முடிய இன்னும் வருசம் கெடக்குது. வாசல்ல கொரங்கு உக்காந்திருக்குதுன்னு வேலைக்குப் போகாத ஆளுங்க நீங்க. அப்பக் காலம் நல்லா இருந்துது, பொறுத்துக்கிட்டாங்க."

"அது சாதாரணக் கொரங்கு இல்ல."

"ஆமாமா. சர்க்கார் உத்தியோகத்துல இருந்த கொரங்கு."

அன்றைக்கே லிங்கசாமி முடிவு செய்துவிட்டார். வேலையை விட முடியாது, ஆறுக்குட்டியைத் தடுக்க முடியாது. மிச்சமிருப்பது ஒன்றுதான். சண்டை கற்றுக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பாலமுருகன் மாஸ்டர் கராத்தே சொல்லிக்கொடுத்தார். நேற்றைய கல்யாணத்தின் சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை.

"மாஸ்டர், பொறகால இருந்து ஒருத்தன் தடியோட வந்தா என்னங்க பண்றது?"

"அதுக்கு இன்னும் காலம் இருக்குதுங்க. மொதல்ல குனிஞ்சு வணக்கம் சொல்லப் பழகுங்க."

"குனிஞ்சா அவனுக்குச் சவுரியமாப் போயிருமேங்க?"

மாஸ்டர் அவருக்கு ஜோடியைக் காட்டினார். வகுப்பில் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவருக்கு அமைந்த எதிரி தாரிணி, நாலாம் வகுப்பு, இரட்டைச் சடை.

"அங்கிள், நான் அடிக்க வர்றப்ப நீங்க கண்ணை மூடிக்கறீங்க."

"அடி வர்றப்ப மூடாம, தூங்கறப்பவா மூடுவாங்க?"

தாரிணி அவர் முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தாள். கண்ணை மூடினாலும் வலிக்கும் என்பது அன்றைய பாடம். ஆனாலும் விடவில்லை. நொண்டிக்கொண்டே ஓர் உதையும், கூடவே போடவேண்டிய ஒரு கத்தலும் கற்றுக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

கலை கற்றவன் ரோட்டோரமாகச் சுற்றிப் போகலாமா? மறுநாள் சாயங்காலம் குறுக்குப் பாதையில் இறங்கினார். அது ஒரு கைவிட்ட தோட்டத்துக்குள் போகிறது. விலை கட்டுப்படியாகவில்லை என்று சொந்தக்காரர் பறிப்பதை நிறுத்தி, கவாத்து வெட்டுவதையும் நிறுத்த, இடுப்பளவு இருக்கவேண்டிய தேயிலைச் செடிகள் ஆளுயரம் தாண்டி மரமாகிக்கொண்டிருந்தன.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். ஆறுக்குட்டி. தடி இல்லை. கவாத்துக் கத்தி!

லிங்கசாமி காலை அகட்டி நின்று, கற்றுக்கொண்ட கத்தலை அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். ஆறுக்குட்டி திடுக்கிட்டு நாலு பக்கமும் பார்த்தான். பிறகு கத்தியை ஓங்கிக்கொண்டு அவரை நோக்கி ஓடிவந்தான். அதற்குப் பிறகு நடந்ததில் கராத்தே எதுவும் இல்லை. லிங்கசாமி ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

"கத்தியா?" என்றாள் மருதாம்பாள். "எங்க வெச்சு?"

"குறுக்குப் பாதையில."

கரண்டி கீழே விழுந்தது. "ஏனுங்க, அந்தப் பக்கம் எதுக்குப் போனீங்க? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? இனி அங்க காலு வெக்கக்கூடாது, சொல்லிப்போட்டேன்!"

"அவன் கத்தியோட வந்தான்னு சொல்றேன், நீ பாதையைப் புடிச்சுக்கிட்டுச் சண்டைக்கு வர்றே!"

பெண்டாட்டி போகாதே என்று சொன்ன பாதையில் போகாமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? ஊருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். லிங்கசாமியின் மன உறுதி இன்னும் இறுகியது. தப்பு பாதையில் இல்லை, கலையில். கத்திக்கு வெறுங்கை ஆகாது. சிலம்பம்தான் சரி.

கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கும் சுடலைமணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோயில் திருவிழாக்களில் கம்பு சுற்றுவார்.

"சொல்லித் தாரேன் அண்ணாச்சி. ஆனா சமமான தரை வேணும்லா?"

இருவரும் சமமான தரையைத் தேடினார்கள். நீலகிரியில் அதைத் தேடுவது கடலில் மேட்டைத் தேடுவது போன்றது. கடைசியில் பேக்கரி வாசலிலேயே ஆரம்பித்தார்கள். லிங்கசாமி முதல் சுற்றில் தன் மூக்குக்கண்ணாடியையும், இரண்டாம் சுற்றில் ஒரு தட்டு பன்னையும் வீழ்த்தினார். மூன்றாம் சுற்றில் கம்பு கையைவிட்டுப் பறந்து, கீழ் வளைவில் இருந்த வீட்டு ஓட்டின்மேல் இறங்கியது.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கலை வருது. கம்புதான் நிக்க மாட்டேங்கு."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, கம்போடு மறுபடி குறுக்குப் பாதையில் இறங்கினார். இருபுறமும் செடிகளைப் படார் படாரென்று அடித்துக்கொண்டே நடந்தார். பின்னால் ஆறுக்குட்டி மட்டும் இல்லை. அவன் பெண்டாட்டி வீரம்மாவும் வந்தாள். கையில் ஒரு பழைய எண்ணெய் டின். லிங்கசாமி செடியில் ஓர் அடி அடித்தால், அவள் டின்னில் நாலு அடி அடித்தாள்.

"சாவு மேளம் மருதா!" வீட்டுக்குள் விழுந்த லிங்கசாமிக்கு மூச்சு வாங்கியது. "ஆளு உசுரோட நடந்து போறேன், முன்கூட்டியே அடிக்கறாங்க!"

மருதாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். அவருக்கே கண் கலங்கியது. "நீ பயப்படாதே. மனிஷா படிப்பை முடிக்காம நான் போய்ச் சேர மாட்டேன்" என்றார். இந்த முறை அவள் நிஜமாகவே கொஞ்சம் அழுதாள். வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றினாள்.

கடைசி ஆயுதமாக, வெலிங்டனில் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற தங்கவேலுவைப் போய்ப் பார்த்தார். தங்கவேலு தோட்டத்தில் காரட் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தக் கலைங்க நல்லது?"

"கலையெல்லாம் கீழ் நாட்டுக்காரனுக்கு. மலையில ஒரே பாடந்தான். மேட்டுல நில்லு. பள்ளத்துல வர்றவனை உதை. மிச்சத்தை மலை பாத்துக்கும்."

லிங்கசாமிக்குக் கண் திறந்தது. வணக்கம் இல்லை, கம்பு இல்லை, சமமான தரையும் வேண்டாம். இந்த ஊருக்கென்றே பிறந்த கலை!

அடுத்த சாயங்காலம் கொட்டகையைவிட்டு வேகமாக நடந்தார். குறுக்குப் பாதையின் வளைவில், பாதைக்கு மேலே இருந்த மேட்டில் ஏறி, மரமாய் வளர்ந்த தேயிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மகள் மனிஷாவை நினைத்துக்கொண்டார். செடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆறுக்குட்டி கத்தியோடு வளைவில் திரும்பினான். முன்னால் ஆளைக் காணவில்லை. பதறிப்போனான். "அய்யோ, காணமே!" என்று ஓடிவந்தான்.

இந்த முறை லிங்கசாமி கண்ணை மூடவில்லை. பாய்ந்து உதைத்தார். கத்தி ஒரு பக்கம் பறக்க, அந்தப் பலாக்கட்டை உடம்பு உருண்டு, கீழே இருந்த மழைநீர் வடியும் கானுக்குள் தொப்பென்று விழுந்தது. மலை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

லிங்கசாமி இடுப்பில் கைவைத்து நின்றார். நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக அவருக்குத் தன் தோள்கள் அகலமாகத் தெரிந்தன.

"இனி என்ற பொறகால வருவியாடா? வருவியா?"

கானுக்குள் இருந்து முனகல்தான் வந்தது. எண்ணெய் டின்னோடு மூச்சிரைக்க ஓடிவந்த வீரம்மா, கானில் கிடந்த புருஷனைப் பார்த்தாள். நிமிர்ந்து லிங்கசாமியைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக எதையோ பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"தோட்டத்துல கரடி சுத்துது, சொன்னா மனுசன் வேலைக்கே போகமாட்டாருன்னு உங்க ஊட்டம்மா கெஞ்சிக் கேட்டதுக்குத் தெனமும் துணைக்கு வந்தவரை இப்படி உருட்டிப்போட்டீங்களே... சரி போகட்டுங்க, அது இப்ப உங்க பொறகாலதான் நிக்குது, மொள்ளத் திரும்பி அதே உதையை அதுக்கும் ஒண்ணு குடுங்க!"