முட்டாள் நிலையில் நின்ற சனிக்கிழமை

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். வாள் நுனி நிலத்தைப் பாக்கப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. எதிராளி மேலயிருந்து வெட்ட வர, கீழயிருந்து அவற்ற வாளைத் தட்டி எழுப்பிப்போட்டு அடிக்கிறது.

எழுபதுகளின்ர நடுப்பகுதி. மெல்பேர்ணில எட்டுப் பேர் சனிக்கிழமைகளில கூடி, பழைய ஐரோப்பிய நீள்வாள் சண்டை பழகுவம். ரண்டு கையாலயும் பிடிக்கிற, கூரில்லாத வாள். நான் ஒருத்தன்தான் யாழ்ப்பாணத்தான். பழக்கினவர் கீத். அவரிட்ட ஒரு பழைய ஜேர்மன் புத்தகத்தின்ர போட்டோக்கொப்பி இருந்தது.

"இப்பிடி வாளைத் தாழ்த்தி நிக்கிறதுக்குப் பேர் முட்டாள் நிலை," எண்டார் கீத். "எதிராளி உன்னை முட்டாள் எண்டு நம்ப வேணும். உனக்கு அது நல்லா வருது."

பாராட்டு எண்டு நினைச்சு வீட்டில சொல்லிப்போட்டன்!

மனுசி ராஜி சிரிச்சு முடிச்சிட்டுச் சொன்னா: "சனிக்கிழமை கிரான்பர்ன் கார்னிவலில சனத்துக்கு முன்னால காட்டப் போறியள்தானே? நானும் வாறன். ஒரு அடியாவது அடிச்சியள் எண்டா தொடர்ந்து போங்கோ. இல்லையெண்டா இனிச் சனிக்கிழமையில வீட்டில நிண்டு புல்லு வெட்டுங்கோ."

"ஓம்!" எண்டன். என்ர வாய் எப்பவும் அப்பிடித்தான்.

குசினியில கூட்டுற தும்புத்தடியை வச்சுப் பழகினன். கீழயிருந்து மேல ஒரே வீச்சு. லைட் பல்ப் போச்சுது.

"எதிராளி செத்திட்டாரோ?" எண்டு ராஜி முன்னறையில இருந்து கேட்டா.

சனிக்கிழமையும் வந்தது. எனக்கு எதிர் நிண்டவர் எங்கட எட்டுப் பேரில ஒருத்தர், பாரி. ஆறடிக்கு மேல உயரம், நல்ல மனுசன். மூண்டு சுற்று.

முதல் சுற்றில நுனியைக் கூடுதலாத் தாழ்த்திப்போட்டன். எழுப்பேக்க வாளோட ஒரு பிடி புல்லும் மண்ணும் சேந்து வந்தது. பாரி என்ர முகமூடியில ஒண்டு போட்டார்.

"புல்லு வெட்டவும் நல்லா வருது!" சனத்துக்குள்ள இருந்து ராஜியின்ர குரல்.

ரண்டாவது சுற்றில நான் வாளை எழுப்ப முதலே அடி விழுந்திட்டுது. "சொறி, மேட்!" எண்டு சொல்லிச் சொல்லி அடிச்சார் பாரி.

கடைசிச் சுற்று. எனக்கு உண்மையிலயே பயம் வந்திட்டுது. அடிக்குப் பயமில்லை, சனிக்கிழமை போயிடுமே எண்டுதான். கிழமை முழுக்க ஒஃபிசில தலையாட்டிக்கொண்டு இருக்கிறவனுக்கு இருந்த ஒரே சந்தோசம் அது.

பாரி வாளை ஓங்கினார். நான் ஒரு எட்டு முன்னால வச்சன். வச்ச கால் நேர பாரியின்ர காலுக்கு மேல!

ஒருத்தரில கால் பட்டா எங்கட ஆக்கள் என்ன செய்வினம்? யோசிக்கிறதே இல்லையே. வாளை, நுனி முன்னால நீட்ட, இடக் கமக்கட்டுக்குள்ள செருகினன். குனிஞ்சு, அவற்ற சப்பாத்தைத் தொட்டுக் கண்ணில ஒத்தப் போனன். இரும்பு முகமூடியில கை 'டங்' எண்டு பட்டது.

அந்த நேரம் பாரியின்ர வெட்டு என்ர முதுகுக்கு மேலால போச்சுது. வீசின வேகத்தில மனுசன் முன்னால சரிஞ்சார். என்ர கமக்கட்டுக்குள்ளயிருந்து நீட்டிக்கொண்டு நிண்ட வாள் நுனியில, தடிச்ச ஜக்கெட் போட்ட அவற்ற வயிறு தானா வந்து முட்டிச்சுது.

சனம் கைதட்டிச்சுது! கீத் ஓடி வந்தார். "பியூட்டிஃபுல்! இது எந்தப் புத்தகத்தில இருக்கு?"

"அது... எங்கட ஊர் முறை," எண்டன். பொய்யில்லைத்தானே?

ராஜி கண்ணில தண்ணி வரச் சிரிச்சுக்கொண்டு நிண்டா. "மன்னிப்புக் கேட்டு வெண்ட ஆள் உலகத்தில நீங்கள் ஒருத்தர்தான். சரி, அடி அடிதான். சனிக்கிழமை உங்களுக்கு," எண்டா.

அடுத்த சனிக்கிழமை துள்ளிக்கொண்டு போனன். கீத் எல்லாரையும் வரிசையில நிப்பாட்டி வச்சிருந்தார்.

"இண்டைக்கு யாழ்ப்பாண முறை பழகப் போறம்," எண்டார். "காலை மிதி, குனி, சப்பாத்தைத் தொடு, முகமூடியைத் தொடு."

மிதிச்சுப் பழக ஒரு கால் வேணுமாம். முறை தெரிஞ்ச ஆளின்ர காலாயிருந்தா நல்லதாம்.

ஏழு பேர், ஆளுக்குப் பத்துத் தரம். எல்லாரும் மிதிச்சுப்போட்டு, என்ர காலைத் தொட்டு, வலு பக்தியோட கண்ணில ஒத்திக்கொண்டினம்.

அவ்வளவு மரியாதையை என்ர கால் தாங்கேல்லை.